எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேமரா ஃபைலைத் திறந்து பாருங்க!

கல்யாண சீசன் நெருங்கினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: "அண்ணா, எடிட்டிங்குக்கு ஒரு பிசி போடணும், எவ்ளோ ஆகும்?" பதிலுக்குக் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் பட்ஜெட்டைத்தான். "எந்த கேமராவுல ஷூட் பண்றீங்க? எந்த ஃபார்மேட்ல?" என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

கடன் வாங்கி, மாசத் தவணை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரியும் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால் என்ன செய்வது? திருப்பிக் கொடுக்க முடியாது. பார்ட்டி ஆல்பமும் வீடியோவும் கேட்டு போன் பண்ணிக்கொண்டே இருப்பார். அதிலும் 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதுதான் முக்கியக் காரணம். 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ராம், எஸ்எஸ்டி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. தப்பான இடத்தில் காசைப் போட்டுவிட்டு, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்ற கணக்கு இப்போது எடுபடாது.

காஸ்ட்லி மெஷின் இருந்தால்தான் நல்ல எடிட்டிங் வரும் என்பதும் கிடையாது. 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற தென்கொரியப் படம் 'பாரசைட்'. அது எடிட் செய்யப்பட்டது ஃபைனல் கட் ப்ரோ 7 என்ற சாஃப்ட்வேரில். ஆப்பிள் அதன் விற்பனையை 2011-லேயே நிறுத்திவிட்டது. அந்தப் பழைய சாஃப்ட்வேரில் வேலை செய்த எடிட்டர் யாங் ஜின்-மோவுக்கு எடிட்டிங் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

டைம்லைன் ஏன் திக்குது?

"4கே வீடியோ ரொம்பப் பெரிசு, அதான் சிஸ்டம் தாங்கல" என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் நிலவரம் வேறு. பல கேமராக்கள் 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்கின்றன. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அப்படியானால் விநாடிக்கு 12.5 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே விநாடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். ஆக, பிரச்சினை ஃபைலின் அளவில் இல்லை. அந்த ஃபைல் இவ்வளவு சின்னதாக எப்படிச் சுருக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

மளிகைக் கடையில் பற்று எழுதும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் மொத்த பாக்கியை ஒருமுறை எழுதுவார்கள். அதற்குப் பிறகு தினமும் வாங்கியதும் கொடுத்ததும் மட்டும்தான். 14-ம் தேதி பாக்கி எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும். 2003-ல் வந்த ஹெச்.264, 2013-ல் வந்த ஹெச்.265 என்ற கோடெக்குகள் வேலை செய்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான். (கோடெக் என்றால் வீடியோவைச் சுருக்கி, மறுபடி விரிக்கும் முறை.) ஒரு முழுப் படத்தைச் சேமித்துவிட்டு, அடுத்து வரும் பல ஃபிரேம்களுக்கு "எது மாறியது" என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கும். சில ஃபிரேம்கள் தனக்குப் பின்னால் வரும் ஃபிரேமையும் பார்த்துத்தான் உருவாகும்.

சினிமா பார்ப்பதுபோல நேராக ஓடவிட்டால் இதில் சிக்கல் இல்லை. ஆனா எடிட்டர் நேராக ஓடவிடுவது கிடையாதே! தாலி கட்டும் இடத்துக்குத் தாவுவார், பின்னால் இழுப்பார், மூன்று கேமராவை ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் கம்ப்யூட்டர் பழைய பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரணும். திக்குவது அங்கேதான்.

ஆப்பிள் 2007-ல் கொண்டுவந்த ப்ரோரெஸ், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரியான கோடெக்குகள் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம். தினமும் மொத்த பாக்கியை முழுசாக எழுதிவைப்பது மாதிரி. பிராசஸருக்கு வேலை குறைவு, ஆனா நோட்டு தடிமனாகும். 100 மெகாபிட் ஹெச்.264 ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதையே 4கே ப்ரோரெஸ் 422 ஆக மாற்றினால், விநாடிக்கு 30 ஃபிரேம் கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 265 ஜிபி. இப்போது திண்டாடுவது பிராசஸர் இல்லை, டிஸ்க்.

சின்ன ஃபைல் என்றால் சுமை சிப்புக்கு, பெரிய ஃபைல் என்றால் சுமை டிஸ்க்குக்கு. இது பிடிபட்டால் கடைக்காரர் தரும் கொட்டேஷனைப் பாதி படித்த மாதிரி.

4:2:2 என்ற கண்ணி

'மீடியாஇன்ஃபோ' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. கேமரா ஃபைலை அதில் போட்டால் கோடெக் என்ன, 8 பிட்டா 10 பிட்டா, 4:2:0-வா 4:2:2-வா என்று எல்லாம் காட்டிவிடும். 4:2:0, 4:2:2 என்பவை நிறத் தகவலை எவ்வளவு சேமிக்கிறார்கள் என்பதன் அளவு. செல்போனும் சாதாரண கேமராக்களும் பெரும்பாலும் 4:2:0. சோனி ஏ7 ஃபோர், எஃப்எக்ஸ்3 மாதிரியான கேமராக்களில் 10 பிட் 4:2:2 எடுக்கலாம். கலர் கிரேடிங்குக்கு அருமையாக இருக்கும் என்று கல்யாண வீடியோகிராஃபர்கள் பலரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹெச்.264, ஹெச்.265 வீடியோவை விரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. அந்தப் பகுதிக்கு எந்த ஃபார்மேட் தெரியுமோ அது மட்டும்தான் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரியாத ஃபார்மேட் வந்தால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். 2022-ல் 1,599 டாலர் விலையில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டால்கூட 4:2:2 வீடியோவை அப்படி நேரடியாக விரிக்க முடியாது. அதே ஹெச்.265 4:2:2 ஃபைலை, அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த இன்டெல் 12-ம் தலைமுறை கோர் ஐ5 பிராசஸர், தனக்குள் இருக்கும் 'க்விக் சிங்க்' பகுதியை வைத்து அலுங்காமல் ஓட்டிவிடும். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா இந்தக் குறையைச் சரிசெய்தது. ஆப்பிளின் எம்1-ம் அதற்குப் பின் வந்த சிப்புகளும் ஹெச்.265 4:2:2-வை நன்றாகவே கையாளுகின்றன.

இன்னொரு கண்ணியும் உண்டு, அது ஒரே ஒரு எழுத்தில். கோர் ஐ5-12400 என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும். கோர் ஐ5-12400எஃப் என்றால் இருக்காது. அந்தக் கடைசி 'எஃப்' இருந்தால் க்விக் சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று கேமிங் ஆட்கள் வாங்குவார்கள். அவர்களுக்கு அது சரி. 4:2:2 எடுக்கும் எடிட்டர் அதை வாங்கினால், மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு நேரம் போகும். கல்யாண ஸ்டுடியோக்களில் பிரபலமான எடியஸ் சாஃப்ட்வேர் நீண்ட காலமாகவே க்விக் சிங்க்கை நம்பி ஓடியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

12-ம் தலைமுறை இன்டெல்லிலும் ஹெச்.265 4:2:2-க்குத்தான் இந்த வசதி. ஹெச்.264 4:2:2-க்குக் கிடையாது. அப்படிப்பட்ட மெஷின் ஏற்கனவே வீட்டில் இருந்தால், சோனி கேமரா மெனுவில் 'எக்ஸ்ஏவிசி எஸ்' என்பதை 'எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ்' என்று மாற்றி ஒரு சோதனை ஷூட் செய்து பார்க்கலாம். முன்னது ஹெச்.264, பின்னது ஹெச்.265. ஒரு பைசா செலவில்லாமல் டைம்லைன் மாறிவிடக்கூடும்.

பழைய மெஷினே போதுமா?

பல பேருக்குப் போதும். 'ப்ராக்ஸி' என்ற வழி இருக்கிறது. ஒரிஜினல் 4கே ஃபைலுக்குப் பதிலாக, அதன் சின்ன நகல் ஒன்றைச் செய்து அதை வைத்து எடிட் பண்ணணும். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது சாஃப்ட்வேர் தானாக ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட், எடியஸ், கேடென்லைவ் என எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. முழு ஹெச்டி அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸியாகச் செய்தால் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 20 ஜிபிதான். ராத்திரி மெஷினை ஓடவிட்டுப் படுத்தால் காலையில் ரெடி.

இதை ஏதோ வசதி இல்லாதவர்களின் குறுக்குவழி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் 2003-ல் வெளியான 'கோல்டு மவுன்டன்' படத்தை, கடையில் கிடைக்கும் ஆப்பிள் பவர்மேக் ஜி4 கம்ப்யூட்டர்களில், ஃபைனல் கட் ப்ரோவில் எடிட் செய்தார். ஃபிலிமில் எடுத்த படத்தின் டிஜிட்டல் நகல்களை வைத்துத்தான் வேலை நடந்தது. அந்தப் படத்துக்கும் எடிட்டிங்கில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

செல்போனில் எடுத்த வீடியோவுக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது. போன்கள் பெரும்பாலும் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் அப்படித்தான். டைம்லைனில் போட்டால் முதல் ஐந்து நிமிஷம் சரியாக இருக்கும், போகப் போக உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். உடனே ராமைக் குறை சொல்ல வேண்டாம். ஹேண்ட்பிரேக் அல்லது ஷட்டர் என்கோடர் என்ற இலவச சாஃப்ட்வேரில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்தால் சரியாகிவிடும்.

எந்த பார்ட்டை மாத்தணும்?

ஊகத்தில் வாங்காமல் இருக்க ஒரு சோதனை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களைப் படுத்தும் அந்த டைம்லைனை ஓடவிடுங்கள்.

பிராசஸர் 100 சதவீதம் தொட்டு நிற்கிறது, ஜிபியு பகுதியில் 'வீடியோ டீகோட்' கோடு தரையிலேயே கிடக்கிறது என்றால், உங்கள் ஃபைலை அந்த சிப்புக்கு விரிக்கத் தெரியவில்லை அல்லது சாஃப்ட்வேர் செட்டிங்கில் அந்த வசதி அணைந்திருக்கிறது. முதலில் செட்டிங்கைப் பாருங்கள். மெமரி நிரம்பி வழிகிறது என்றால் ராம். டிஸ்க் 100-ல் நின்றால் டிஸ்க்தான். வெறும் கிளிப் நன்றாக ஓடி, கலர் கிரேடிங்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்ட பிறகு மட்டும் திணறினால், கிராபிக்ஸ் கார்டு. எல்லாமே சும்மா இருக்கிறது, ஆனாலும் திக்குகிறது என்றால்? லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைச் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி அடைத்து சூடேறினாலும் அதே கதைதான். நம்ம ஊர் மே மாதத்தில் ஃபேனைச் சுத்தம் செய்வதே ஓர் அப்கிரேடு.

ராமைப் பொறுத்தவரை, பிரீமியருக்கு முழு ஹெச்டி வேலை என்றால் 16 ஜிபி, 4கே என்றால் 32 ஜிபி அல்லது அதற்கு மேல் என்று அடோபியே சொல்கிறது. ரிசால்வில் ஃபியூஷன் கிராபிக்ஸ் வேலை இருந்தால் 32 ஜிபி வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய விலையில் 64 ஜிபிக்குத் தாவுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 32 ஜிபி எடுப்பதாக இருந்தால் ஒரே குச்சியாக வாங்காமல் 16, 16 என்று இரண்டாக வாங்குவது வேகத்துக்கு நல்லது.

கிராபிக்ஸ் கார்டு யாருக்கு முக்கியம் என்பது சாஃப்ட்வேரைப் பொறுத்தது. ரிசால்வ் கிட்டத்தட்ட எல்லா எஃபெக்டையும் ஜிபியுவில் ஓட்டும். 4கே-வில் கார்டின் மெமரி 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் "ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது" என்ற செய்தி எந்த நேரத்திலும் வரலாம். வெட்டி ஒட்டி, டைட்டில் போட்டு, பாட்டு சேர்க்கும் வேலைக்கு அவ்வளவு பெரிய கார்டு தேவையே இல்லை. என்விடியா வைத்திருப்பவர்கள் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவரைப் போட்டுக்கொள்வது நல்லது. இலவசம்தான்.

பழைய மார்க்கெட்டில் இன்டெல் 13, 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் பிராசஸர் மலிவாக வந்தால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜ் போவதால் அவற்றில் பல நிலையில்லாமல் போவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. ஏற்கனவே பழுதான சிப்பைத் திருத்தம் காப்பாற்றாது. பில், வாரன்டி, பயாஸ் அப்டேட் மூன்றும் இருந்தால் மட்டும் பேசலாம்.

டிஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

பத்து பேரில் ஒன்பது பேர் கடைசியாக யோசிப்பது இதைத்தான். இரண்டு நாள் கல்யாணம், மூன்று கேமரா, மொத்தம் 12 மணி நேர ஃபுட்டேஜ் என்று வைத்துக்கொண்டால், 100 மெகாபிட் கணக்கில் 540 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம்! 512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில் விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் போக என்ன மிஞ்சும்?

சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 மெகாபைட் வரை ஓடும். நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டிகள் 7,000 வரை போகும். எடிட்டிங்குக்கு அந்த 7,000 பெரும்பாலும் தேவைப்படாது. விண்டோஸும் சாஃப்ட்வேரும் ஒரு எஸ்எஸ்டியில், இப்போது நடக்கும் புராஜெக்ட்டின் ஃபுட்டேஜும் கேஷும் இன்னொரு எஸ்எஸ்டியில், முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கில் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

மலிவான எஸ்எஸ்டிகளில் ஒரு தந்திரம் இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் முதல் சில பத்து ஜிபிக்குத்தான். 500 ஜிபியை ஒரேயடியாக காப்பி செய்தால், உள்ளே இருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும், சில மாடல்கள் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக இறங்கிவிடும். அதைவிட மோசம், ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கும் இரண்டாயிரத்துக்கும் வரும் "16 டிபி எஸ்எஸ்டி". திறந்து பார்த்தால் உள்ளே சின்ன மெமரி கார்டு. கம்ப்யூட்டரில் 16 டிபி என்றே காட்டும், ஃபைல் காப்பி ஆவது போலவும் தெரியும், ஆனா குறிப்பிட்ட அளவுக்கு மேல் போட்டதெல்லாம் காற்றில் போனதுதான். புது டிரைவ் வாங்கியதும் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச சாஃப்ட்வேரில் முழுசாக எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பார்ட்டி ஃபுட்டேஜைப் போடுங்கள்.

மேக் மினி பக்கம் போகலாமா?

2024 நவம்பரில் எம்4 சிப்புடன் மேக் மினி இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 59,900 ரூபாய், 16 ஜிபி மெமரியுடன். எடிட்டிங்குக்கு அந்த விலையில் அது நல்ல சரக்கு என்பதில் சந்தேகமில்லை. கரண்ட்டும் குறைவாகத்தான் இழுக்கும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனிச் செலவு. ஆரம்ப மாடலில் டிஸ்க் 256 ஜிபிதான், அதனால வெளியே எஸ்எஸ்டி மாட்டியே ஆகணும். மெமரியைப் பிற்பாடு ஏற்ற வழியே கிடையாது. வாங்கும் அன்றைக்கு எடுக்கும் முடிவுதான் கடைசி வரை. இன்னொன்று, எடியஸ் மேக்கில் ஓடாது. பத்து வருஷ புராஜெக்ட் ஃபைல்கள் எடியஸில் வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு மேக் எவ்வளவு வேகமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

காசு கொடுத்துத்தான் சாஃப்ட்வேர் வாங்கணுமா?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே யுஹெச்டி வரை, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும். வாட்டர்மார்க் தொல்லை இல்லை. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009-ல் டாவின்சியை வாங்கிய பிறகுதான் லட்சக்கணக்கில் விலை சொன்ன கலர் கிரேடிங் கருவி சாதாரண எடிட்டர் கைக்கு வந்தது. கட்டணப் பதிப்பான ஸ்டுடியோ 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். உங்கள் கேமராவின் 10 பிட் ஃபைல்கள் இலவசப் பதிப்பில் ஓடுகின்றனவா என்று முதலிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். லினக்ஸில் என்றால் இலவசப் பதிப்பு ஹெச்.264-ஐயே எடுத்துக்கொள்ளாது. பழைய, பலம் குறைந்த மெஷினுக்கு ரிசால்வ் பாரம். அங்கே கேடென்லைவ், ஷாட்கட் இரண்டையும் முயற்சிக்கலாம், இரண்டும் முழுக்க இலவசம்.

பிரீமியர் மாசச் சந்தா. வேலை இல்லாத மாசத்திலும் பணம் போகும் என்பதைக் கணக்கில் வைக்கணும். டிவி சேனல், விளம்பர ஏஜென்சி வேலைக்குப் போக நினைப்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஃபைனல் கட் ப்ரோவை மேக்கில் ஒரே தடவை பணம் கட்டி வாங்கலாம்.

"கிராக் வெர்ஷன் போட்டுத் தர்றேன்" என்று சிஸ்டத்தோடு சேர்த்தே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் விலை பிறகு தெரியும். 2018-ல் தலைகாட்டிய 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியு' என்ற ரேன்சம்வேர் பரவியதே பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர், கீஜென் வழியாகத்தான். கம்ப்யூட்டரில் உள்ள வீடியோ, போட்டோ அத்தனையையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலையாம், தள்ளுபடி வேறு! கேபிள் மாட்டியபடி விட்ட பேக்கப் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். கிராக்கை நிறுவும்போது "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கதவைத் திறந்துவைக்கச் சொல்வது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரை திரும்ப வாங்கலாம், முகூர்த்தத்தை?

1998-ல் பிக்சார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தபோது, தவறான ஒரு கமாண்டால் படத்தின் ஃபைல்களில் சுமார் 90 சதவீதம் அழிந்துபோனது. பேக்கப் இருக்கிறதே என்று திறந்தால், அது பல நாளாக ஒழுங்காகவே ஓடவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சுஸ்மன் வீட்டிலிருந்த கம்ப்யூட்டர். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த அவர், ஒரு நகலை அங்கே வைத்திருந்தார். அதைப் போர்வையில் சுற்றி காரில் வைத்து ஸ்டுடியோவுக்கு எடுத்துவந்தார்கள்.

பிக்சார் அனிமேஷனைத் திரும்ப வரையலாம். தாலி கட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால மண்டபத்திலிருந்து வந்த ராத்திரியே கார்டில் இருப்பதை இரண்டு தனித்தனி டிரைவுக்கு காப்பி செய்யணும். ஒரே டிரைவில் இரண்டு ஃபோல்டராகப் போடுவது கணக்கில் வராது. இரண்டிலிருந்தும் சில கிளிப்புகளை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்யணும். மூன்றாவது நகல் ஒன்று வேறு வீட்டில், அண்ணன் வீட்டிலோ அசிஸ்டென்ட் வீட்டிலோ இருந்தால் தீ, தண்ணி, திருட்டு எதற்கும் பயமில்லை. பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். புராஜெக்ட் ஃபைல் சில எம்பிதான், அதைத் தினமும் கூகுள் டிரைவில் போட்டுவைக்கலாம்.

வேலை பாதியில் இருக்கும்போது எதையும் அப்டேட் செய்யாமல் இருப்பதும் பேக்கப் மாதிரிதான். 2019 செப்டம்பரில் ஹாலிவுட் முழுக்க அவிட் ஓடிய மேக் ப்ரோ மெஷின்கள் பல, ரீஸ்டார்ட் ஆகாமல் நின்றன. முதலில் வைரஸ் என்று பயந்தார்கள். கடைசியில் பார்த்தால் கூகுள் குரோமின் அப்டேட்டரில் ஒரு பிழை. வெளி கிராபிக்ஸ் கார்டுக்காக மேக்கின் ஒரு பாதுகாப்பு அம்சத்தை எடிட்டர்கள் அணைத்துவைத்திருந்தது அதற்கு வழிவிட்டிருக்கிறது. டெலிவரி முடியட்டும், பிறகு அப்டேட் பண்ணிக்கொள்ளலாம். அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மெஷின் வாங்குபவர்கள் அது விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார்த்து வாங்கணும். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறைக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை.

கரண்ட் கட் ஆகும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் எக்ஸ்போர்ட் போடுவது சூதாட்டம். கடையில் இலவச இணைப்பு மாதிரி தரும் 600 விஏ யுபிஎஸ், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஆகும். கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின் முழு வேகத்தில் ரெண்டர் செய்யும்போது சுமை தாங்காமல் அதுவே அணைந்துவிடலாம். மெஷின் எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டு, அதற்கு மேலே தாங்குவதாக எடுங்கள்.

மானிட்டரில் ஐபிஎஸ் பேனலா, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி காட்டுமா என்ற இரண்டை மட்டும் கேட்டால் போதும். 144 ஹெர்ட்ஸ் எல்லாம் கேம் ஆடுபவர்களுக்கு.

கடைக்குப் போகும் அன்று ஒரு பென்டிரைவில் உங்கள் கேமராவில் எடுத்த இரண்டு நிமிஷ ஃபுட்டேஜை எடுத்துக்கொண்டு போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினில் ரிசால்வ் இலவசப் பதிப்பைப் போடச் சொல்லி, மூன்று கிளிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னால் இழுத்துப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடைக்கு அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கும். வாங்கிய பிறகு, ராம், எஸ்எஸ்டி, கார்டு ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் பில்லில் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "அசெம்பிள்டு பிசி - 1" என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு வாரன்டிக்கு அலைவது பெரும்பாடு.